செம்பும் களிம்பும்: பழங்காசின் நிறமும் தரமும்



மொழியியல் பற்றிப் பேச அழைக்கப்பட்டவர் கையில் ஒரு பழைய பால்மாவு டின்னோடு மேடையேறியதைக் கண்டு உங்களிற் சிலர் வியந்திருக்கலாம். இந்த டின்னில் ஒன்பது செப்புக் காசுகள் உள்ளன. அவற்றின் நிறத்தைப் பற்றியும், அந்நிறத்தைக் கொண்டு அவற்றிற்குத் தரச்சான்று பெறலாமா என்பதைப் பற்றியும் எம் குடும்பத்தில் எழுந்த வழக்கொன்றே இவ்வுரைக்குத் தோற்றுவாய். நிறத்தைப் பற்றிய வழக்குப் போலத் தோன்றிய அது, ஆராயுந்தோறும் சொற்களைப் பற்றிய வழக்காகவும் விளங்கியது. ஆகவேதான் அதனை இவ்வவைக்குக் கொணர்ந்தோம்.

1. டின்னும் ஒன்பது காசுகளும்

இக்காசுகள் எம் அன்னையாரின் பாட்டியார் காலத்திலிருந்து கைமாறி வந்தவை. ஒன்று 1845ஆம் ஆண்டினது. ஒரு பக்கம் விக்டோரியா அரசியின் தலையும், மறுபக்கம் மாலை வளையத்துக்குள் ஒரு சென்ட் என்னும் மதிப்பும், சுற்றிலும் கிழக்கிந்தியக் கும்பெனியின் பெயரும் பொறிக்கப்பெற்றது. ஆறு காசுகள் அதே அரசியின் பிற்காலத்துத் தொடுவாய்க் குடியேற்றக் காசுகள். எஞ்சிய இரண்டும் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் தாங்கிய, மூலைகள் வளைந்த சதுர வெண்கலச் சென்ட்டுகள்.

அன்னையார் பால்மரத் தோட்டத்தில் மரம் வெட்டியவர். பழைய வேட்டித் துண்டொன்றில் காசுகளைச் சுற்றி, மிதிவண்டி டியூபிலிருந்து வளையமாக அரிந்தெடுத்த ரப்பரால் கட்டி இந்த டின்னில் வைத்திருந்தார். அவர் மறைந்தபின் உடன்பிறந்தார் மூவரும் கூடித் திறந்தபோது ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு கருத்துத் தோன்றியது. தங்கை, அவற்றைப் புளியிட்டுத் துலக்கிப் பூசையறையில் வைக்க விரும்பினார். தம்பி, அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பித் தரச்சான்று பெற்று விற்க வேண்டும் என்றார். அவர் மனைவியார் அப்போது நெடுநாள் மருத்துவத்தில் இருந்தார். அவர் கேட்டது ஆசையாற் கேட்டதன்று. மூத்தவராகிய நம் பொறுப்பில் டின் விடப்பட்டது. மூவரில் யார் சொல்வது சரி என்று தெளிய, முதலில் அக்காசுகளின் மேல் படிந்திருப்பது யாது என அறிய வேண்டியிருந்தது.

2. பெயரில் நின்ற நிறம்

செம்பு என்னும் பெயர் செம்மை என்னும் நிறப்பண்பின் அடியாகப் பிறந்தது. வடமொழி வழி வந்த தாமிரம் என்னும் சொல்லும் செந்நிறத்தையே உணர்த்தும். ஆங்கிலத்துக் காப்பர் என்பதோ சைப்பிரஸ் தீவின் பெயரிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. அம்மொழி உலோகத்தை அது கிடைத்த இடத்தால் அழைக்க, நம் மொழி அதன் நிறத்தால் அழைத்தது.

ஆனால், அந்தச் செந்நிறம் செம்பிடம் எத்துணைக் காலம் நிற்கிறது? அச்சகத்திலிருந்து வெளிவந்த காசு சிலகாலமே செந்தழல் போல ஒளிரும். பிறகு பழுப்பேறி, தன் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பழுப்பு நிறத்திலேயே கழிக்கும். எனவே, செம்பு என்னும் பெயர் அதன் குழந்தைப் பருவத்துக்கு இட்ட பெயர். முதுமையிலும் அப்பெயரே வழங்குகிறது. பெயர் நின்றுவிட, நிறம் சென்றுவிடுகிறது. இதனால்தான் பழுப்பேறிய செம்பைக் காணும்போது நம் மனம், அது எதனையோ இழந்துவிட்டதாகக் கருதுகிறது; இழந்ததை மீட்கப் புளியைத் தேடுகிறது. சொல் நம் கையை இயக்குவதற்கு இதுவும் ஒரு சான்று.

3. காசு என்னும் சொல்லின் பயணம்

இவ்வட்டாரத்தில் நாணயத்தைக் குறிக்கும் சொற்கள் தாமே ஒரு வரலாற்றுத் தொகுப்பு. தமிழ்க் காசு என்பது போர்த்துக்கீசியர் நாவில் உருமாறி, ஆசியச் சிறுநாணயங்களைக் குறிக்கும் காஷ் என்னும் சொல்லாக ஆங்கிலத்துக்குச் சென்றது. ரொக்கம் என்னும் பொருளில் வழங்கும் காஷ், பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்த வேறொன்று. இரண்டும் ஒலியால் ஒன்றாயின, பிறப்பால் வேறாயின.

துட்டு என்பதை நாம் தமிழ்ச்சொல் போலவே வழங்குகிறோம். அது டச்சுக்காரரின் டொய்ட் என்னும் செப்புக்காசின் பெயர். மலாய் மொழியில் பணத்தைக் குறிக்கும் டூயிட் என்னும் சொல்லும் அதுவே. தமிழர் துட்டு என்றாலும் மலாய்க்காரர் டூயிட் என்றாலும், மலாக்காவை 1641இல் கைப்பற்றிய டச்சுக் கும்பெனியின் செப்புக்காசு இருவர் நாவிலும் இன்றும் புழங்குகிறது எனலாம். டாலரை நாம் வெள்ளி என்கிறோம். அந்நாணயத்தில் வெள்ளி உலோகம் இல்லாமற்போய் நெடுங்காலம் ஆயிற்று. செம்பைப் போலவே இங்கும் பெயர் நின்றது, பொருள் சென்றது.

காசுகளின் மேல் பொறித்த எழுத்துக்கும் இவ்வாறு ஒரு பயணம் உண்டு. 1845ஆம் ஆண்டுக் காசில் கும்பெனியின் பெயர் உள்ளது. 1862ஆம் ஆண்டுக் காசில் இந்தியா ஸ்ட்ரெயிட்ஸ் என்று உள்ளது. இடையில் 1858இல் கும்பெனி ஆட்சி முடிந்து, இந்திய அரசு பிரிட்டிஷ் முடியின் கீழ் வந்திருந்தது. 1872ஆம் ஆண்டுக் காசில் ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் என்று மட்டும் உள்ளது; பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1867இல் இந்திய அரசிலிருந்து பிரிந்து தனி முடியாட்சிக் குடியேற்றமாயின. மூன்று காசுகளை அடுத்தடுத்து வைத்தால் இவ்வட்டாரத்தின் அரசியல் மாற்றத்தை வகுப்பறையில் கால்மணி நேரத்தில் கற்பித்துவிடலாம். எழுத்துத் தெளிவாக இருத்தல் ஒன்றே அதற்கு வேண்டுவது. நிறம் செம்மையோ பழுப்போ, வரலாறு மாறுவதில்லை. ஆனால், காசைத் துலக்குந்தோறும் எழுத்து தேயும்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. காசு என்னும் சொல்லுக்குக் குற்றம் என்றொரு பொருளும் நம் பழைய நூல்வழக்கில் உண்டு. காசற்றது என்றால் குற்றமற்றது. நாணயமும் குற்றமும் ஒரே ஒலிவடிவில் அமைந்தது தற்செயல் ஒற்றுமையே ஆகலாம். ஆயினும், பழங்காசை ஆராய்வோர் நாள்தோறும் செய்வது காசில் காசு தேடும் வேலையே.

4. நிறம் மாறும் முறை

செம்பின் மேல் ஏறும் நிறங்கள் எல்லாம் ஒன்றல்ல. மாணவர்கள் இதனைத் தெளிவாக மனங்கொள்ள வேண்டும்.

முதலாவது பழுப்பு. காற்றிலுள்ள ஆக்சிஜன் செம்போடு கூடி மெல்லிய ஆக்சைடுப் படலத்தை உண்டாக்குகிறது. சீராகவும் இறுக்கமாகவும் படியும் இப்படலம் உள்ளிருக்கும் உலோகத்தை ஓரளவு காக்கவும் செய்கிறது. இது நோயன்று, தோல் போன்றது.

இரண்டாவது கருமை. கந்தகம் செம்பைத் தொட்டால் கரிய சல்பைடு உண்டாகும். பதப்படுத்திய ரப்பரில் கந்தகம் உண்டு. சில காகிதங்களிலும் அட்டைகளிலும் உண்டு. எம் டின்னிலிருந்த ஆறு விக்டோரியா காசுகளுள் ஒன்றில், அரசியின் கழுத்துக்குக் குறுக்கே மெல்லிய கருங்கோடு ஒன்று ஓடுகிறது. துணி கிழிந்த இடத்தில் டியூப் வளையம் பல்லாண்டு காசைத் தொட்டிருந்ததன் தடம் அது.

மூன்றாவது கைரேகை. வியர்வையிலுள்ள உப்பும் அமிலமும் செந்நிறச் செம்பின் மேல் விரல் அடையாளத்தை நிலையாகப் பதித்துவிடும். காசை அதன் விளிம்பால் மட்டும் பிடிக்க வேண்டும் என்று சேகரிப்பாளர் வற்புறுத்துவது இதனால்தான்.

நான்காவது பச்சை. இதிலும் இருவகை உண்டு. கடினமாக, வழவழப்பாக, உலோகத்தோடு ஒட்டிக் கிடக்கும் பச்சை பெரும்பாலும் அடங்கிய நிலையில் இருப்பது. வெளிர்பச்சையாக, மாவு போல உதிர்ந்து, துடைத்தாலும் சில வாரங்களில் மீண்டும் முளைப்பது வேறு. அது குளோரைடால் வருவது. செம்பிலுள்ள குளோரைடு, ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் கூடிப் பச்சைப்பொடியாக மாறும்போது அமிலமும் பிறக்கிறது. அவ்வமிலம் மீண்டும் செம்பைத் தின்று புதிய குளோரைடை உண்டாக்குகிறது. இச்சுழற்சி தானே நிற்பதில்லை. ஆங்கிலத்தில் இதனை வெண்கல நோய் என்பர். தூய செம்பையும் அது விடுவதில்லை. ஈரம் இல்லாவிட்டால் அது அடங்கிக் கிடக்கும். ஆண்டு முழுதும் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும் நம் மண்ணிலோ அதற்குத் தடையில்லை.

ஐந்தாவதாக, பச்சை நிறப் பிசுபிசுப்பு ஒன்று உண்டு. மெத்தென்ற பி.வி.சி. பைகளில் நெடுநாள் வைத்த காசுகளில் அந்த நெகிழி சிதைந்து அமிலத்தை வெளிவிடுவதால் வருவது. அழகாகப் பாதுகாப்பதாக எண்ணி வாங்கிய பையே காசைக் கெடுத்துவிடும். மைலார் உறையும், சிலிக்கா ஜெல் இட்ட, காற்றுப் புகாத பெட்டியும் நமக்கு ஏற்றவை.

5. களிம்பு என்னும் சொல்லும் அதன் சுமையும்

இத்தனை வகைகளுக்கும் நாம் பொதுவாக வழங்கும் சொல் களிம்பு. இச்சொல் தனியே வரவில்லை. ஒரு தத்துவத்தைச் சுமந்து வந்தது. செம்பில் களிம்பு என்பது சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குக் கூறும் புகழ்பெற்ற உவமை. நெல்லோடு உமி உடன்தோன்றியது போல, செம்போடு களிம்பு உடன்தோன்றியது. உயிரோடு ஆணவமும் அவ்வாறே என்பது கருத்து. இரசவாதக் குளிகையால் களிம்பு நீங்கிச் செம்பு பொன்னாவது போல, அருளால் மலம் நீங்கி உயிர் உய்யும் என உவமை மேலும் விரியும்.

உவமை உயிரைப் பற்றிச் சொல்ல வந்ததே அன்றி வேதியியலைச் சொல்ல வந்ததன்று. வேதியியலின்படி களிம்பு செம்புக்குள் உறைவதன்று; செம்பும் காற்றும் ஈரமும் கூடும்போது பிறப்பது. ஆயினும், நூற்றாண்டுகளாக அவ்வுவமை பயின்றதால், களிம்பு என்ற அளவிலேயே நீக்கப்பட வேண்டியது என்னும் தீர்ப்பும் சொல்லோடு சேர்ந்து ஒலிக்கிறது. இக்காலத்தில் மருந்துக்கடையில் களிம்பு என்றால் புண்ணுக்குப் பூசும் மருந்தைத் தருவர். ஒரே சொல் நோயையும் மருந்தையும் குறிப்பது மொழியில் நிகழும் விந்தைகளுள் ஒன்று.

ஆங்கிலத்தார் இங்கே பல சொற்களைப் பகுத்து வைத்துள்ளனர். விரும்பத்தக்க பழைமை நிறத்துக்கு இத்தாலியிலிருந்து பாட்டினா என்னும் சொல்லைக் கடன் வாங்கினர். ஒளிமங்கலுக்குப் பிரெஞ்சிலிருந்து டார்னிஷ் வந்தது. பச்சைக்கு வெர்டிகிரிஸ் என்பர். பழம் பிரெஞ்சில் அதன் பொருள் கிரேக்கப் பச்சை. நிகழ்ச்சி ஒரே உலோகத்தின் மேல் நிகழ்ந்தாலும், ஒரு சொல் அதனைப் போற்றுகிறது, மற்றொன்று இகழ்கிறது. காசை வாங்குபவர் டார்னிஷ் என்பார். விற்பவர் பாட்டினா என்பார்.

தமிழிலும் இவ்வேறுபாட்டைச் சொல்ல வேண்டும் என்பதால் மூன்று சொற்களை இவ்வவைமுன் வைக்கிறோம். சீராகப் படிந்து உலோகத்தைக் காக்கும் பழுப்பை முதுமெருகு எனலாம். முதுமொழி, முதுமகள் என்பவற்றில் போல இங்கும் முதுமை பெருமையைக் குறிக்கும். ஓரிடத்தில் மட்டும் பட்டு நிற்கும் கருங்கோடு, விரலடையாளம் முதலியவற்றைக் கறை எனலாம். உலோகத்தைத் தின்னும் வெளிர்பச்சைப் பொடிக்கு மட்டும் களிம்பு என்னும் பழஞ்சொல்லை ஒதுக்கலாம். முதுமெருகைப் பேண வேண்டும். கறையைப் பொறுக்க வேண்டும். களிம்பை மட்டுமே தடுக்க வேண்டும். சொற்கள் மூன்றாகப் பிரிந்தால் செயலும் மூன்றாகப் பிரியும்.

6. தரம் பிரிப்போரின் மொழி

பொன்னுக்கு மாற்றுக் காண்பதும் நாணயத்தைச் சோதிப்பதும் நமக்குப் புதியன அல்ல. நாணயச் சோதகரை வண்ணக்கர் என்று பழந்தமிழ் வழங்கியது. சங்கப் புலவர் சிலரின் பெயரிலேயே வண்ணக்கன் என்னும் அடைமொழி காணப்படுகிறது. வண்ணம் என்னும் சொல் நிறத்தைக் குறிப்பதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

இக்கால வண்ணக்கர் அமெரிக்காவில் உள்ளனர். பி.சி.ஜி.எஸ். என்னும் நிறுவனம் 1986இல் பணியைத் தொடங்கியது, என்.ஜி.சி. 1987இல் தோன்றியது. காசை ஆராய்ந்து, உண்மையானதா என உறுதிசெய்து, 1 முதல் 70 வரை எண் வழங்கி, திறக்க இயலாத நெகிழிச் சட்டத்துள் அடைத்துத் திருப்பி அனுப்புவர். இந்த எழுபதெண் அளவையை வகுத்தவர் வில்லியம் ஷெல்டன். 1949இல் அவர் அதனை வகுத்தது வெள்ளிக்கோ பொன்னுக்கோ அன்று. அமெரிக்காவின் பழைய பெரிய செப்புச் சென்ட்டுகளுக்கே. அடித்தரக் காசின் விலையைப் போல் 70 மடங்கு பெறுவது 70ஆம் தரம் என்பது அவர் கணக்கு. விலைக்கணக்கு பின்னர்ப் பொருந்தாது போயிற்று. எண்கள் மட்டும் நிலைத்தன.

இவர்தம் சொல்வழக்கு மொழியியல் மாணவர்க்கு நல்விருந்து. குட், அதாவது நன்று என்பது 4ஆம் எண்; ஏறத்தாழத் தேய்ந்து மழுங்கிய காசு. வெரி குட் 8. ஃபைன் 12. வெரி ஃபைன் 20. புழக்கத்துக்கே வராத காசுகள் 60இல்தான் தொடங்குகின்றன. வணிகர் எவரும் தம் சரக்கை மோசம் என்று சொல்ல விரும்பாமையால், புகழ்ச்சொற்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிப் பொருள் இழந்தன. தேர்வுத்தாளில் நன்று என எழுதும் ஆசிரியர்கள் இதனை நினைவிற் கொள்வது நலம்.

செம்புக்கு மட்டும் எண்ணோடு நிறக்குறியும் உண்டு: சிவப்பு, செம்பழுப்பு, பழுப்பு என மூன்று. பி.சி.ஜி.எஸ். வரையறைப்படி, ஆக்கநாட் செந்நிறம் 95 விழுக்காடேனும் எஞ்சியிருப்பதே சிவப்பு. எண் ஒன்றாயினும் சிவப்புக் காசு பழுப்புக் காசைவிடப் பன்மடங்கு விலைபோவது உண்டு. ஆனால், செந்நிறம் சட்டத்துக்குள்ளும் மெல்ல மாறக்கூடியது. சட்டம் காசைத் தூசியிலிருந்தும் விரலிலிருந்தும் காக்கும், காலத்திலிருந்து காப்பதில்லை. மேலும், துலக்கப்பட்ட காசுக்கும் அரிக்கப்பட்ட காசுக்கும் எண் வழங்குவதில்லை. உண்மையான காசு, ஆனால் குறையுடையது என்பதை அறிவிக்க டீடெயில்ஸ் என்னும் சொல்லைப் பொறித்து அனுப்புவர். விவரங்கள் என்று பொருள்படும் அச்சொல் சந்தையில் குற்றப்பட்டியலாகிவிட்டது.

7. அனுப்புவதா, வேண்டாவா

இனி வழக்குக்குத் திரும்புவோம். பட்டறிவு மிக்க காசு வணிகர் ஒருவரிடம் ஒன்பதையும் கொண்டுசென்றோம். அவர் சொன்னவற்றையும் நாம் கற்றவற்றையும் தொகுத்தால், தரச்சான்றுக்கு அனுப்புமுன் கேட்க வேண்டிய வினாக்கள் நான்காகும்.

முதல் வினா: இக்காசை விற்கப் போகிறோமா? விற்பதற்கில்லை எனில், சான்றின் பயன் பெரும்பாலும் நம் மனநிறைவு மட்டுமே. இரண்டாவது: காசின் மதிப்பு, கட்டணத்தையும் போக்குவரத்து அஞ்சலையும் காப்புறுதியையும் நன்கு விஞ்சி நிற்குமா? மூன்றாவது: இது போலியோ என்னும் ஐயம் விலையைத் தடுக்கிறதா? அரிய காசுகளுக்கு இவ்வினா முதன்மையானது. அங்கே சான்று உண்மையிலேயே துணைசெய்யும். நான்காவது: காசு துலக்கப்படாததா? துலக்கப்பட்டது எனத் தெரிந்தே அனுப்புவது, கட்டணம் செலுத்திக் குறைச்சொல் வாங்குவதாகும்.

ஆறு விக்டோரியா காசுகளும் எளிதிற் கிடைக்கும் ஆண்டுகளைச் சேர்ந்தவை. இரண்டாம் வினாவிலேயே நின்றுவிட்டன. சதுரச் சென்ட்டுகள் இரண்டும் அவ்வாறே. எஞ்சியது 1845ஆம் ஆண்டுக் காசு. எழுத்துகள் கூர்மையாக நின்றன. மாலையின் இலை நரம்புகள் தெரிந்தன. தம்பி நம்பியிருந்ததும் அதனையே.

வணிகர் அதனை உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பழுப்பின் அடியில் இயல்புக்கு மாறான வெளிறிய இளஞ்சிவப்பு இருப்பதையும், ஒரே போக்கில் ஓடும் நுண்கீறல்களையும், எழுத்துகளின் மூலையில் வெளிர்பச்சைப் புள்ளிகள் இருப்பதையும் காட்டினார். பலகாலத்துக்கு முன் யாரோ நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள் என்றார்.

அந்த யாரோ நாமே.

பன்னிரண்டாம் அகவையில் பள்ளிக் கண்காட்சிக்கு அக்காசை எடுத்துச் சென்றோம். பழுப்பாக இருந்தால் எவரும் நோக்கார் என எண்ணி, முந்தைய நாள் இரவு குசினியில் புளியும் உப்பும் சேர்த்துத் தேங்காய் நாரால் தேய்த்தோம். காசு தங்கம் போலாயிற்று, பாராட்டும் கிடைத்தது. புளியின் அமிலம் முதுமெருகைக் கரைத்தது, நார் கீறலிட்டது, உப்பின் குளோரைடு எழுத்துகளின் இடுக்கில் தங்கிற்று. ஐம்பது ஆண்டுகட்கு மேலாக அந்த உப்பு ஈரக்காற்றை உண்டு களிம்பை வளர்த்து வந்திருக்கிறது. பிற எட்டுக் காசுகளிலும் களிம்பு இல்லாமை இதனை உறுதிப்படுத்திற்று. செம்பின் உடன்பிறந்த மலம் அன்று அது. நம் கையால் இட்டது.

8. நாணயம்

வீடு திரும்பும் வழியில் நமக்கு ஒரு சோதனை வந்தது. பழுப்பு மீண்டும் படிந்துவிட்டமையால் வெறுங்கண்ணுக்குக் குறை புலப்படாது. வணிகர் சொன்னதை மட்டும் சொல்லி, யாரோ முன்னோர் செய்தது என்று தம்பியிடம் கூறியிருக்கலாம். தேய்த்த செய்தியை மறைத்து அறியாதவர் எவர்க்கேனும் நல்ல விலைக்கு விற்றுவிடலாம் என்னும் எண்ணமும் ஒரு கணம் தோன்றவே செய்தது; மருத்துவச் செலவு கண்முன் நின்றது.

தமிழில் நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். நாணயமானவர் என்றால் காசுடையவர் என்பது பொருளன்று. சொன்ன சொல்லும் உள்ளிருப்பதும் ஒன்றாக உடையவர் என்பதே பொருள். காசில் பொறித்த மதிப்பும் அதன் உலோகமும் ஒத்திருத்தல் போல, சொல்லும் செயலும் ஒத்திருத்தல். நாற்பதாண்டுகள் இச்சொல்லின் பொருள்விரிவை மாணவர்க்குக் கற்பித்தோம். தேர்வில் வினாவாகவும் கேட்டோம். அன்று மாலை அவ்வினா நம்மிடமே கேட்கப்பட்டது.

தம்பியை அழைத்து நடந்ததைச் சொன்னோம். அவர் சிறிதுநேரம் காசையே பார்த்திருந்தார். பிறகு, “அந்தக் கண்காட்சிக்கு அம்மாவோடு நானும் வந்தேன் அண்ணே. என் அண்ணன் கொண்டுவந்த காசுதான் பளபளன்னு இருந்துச்சுன்னு ஊரெல்லாம் சொன்னேன்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மூவர் பங்கையும் கருதி, அக்காசு நல்ல நிலையில் இருந்திருந்தால் பெற்றிருக்கக்கூடிய தொகையை வணிகரிடம் கேட்டறிந்து, அதனை நம் சேமிப்பிலிருந்து மருத்துவச் செலவுக்கு அளித்தோம். தங்கையும் தம் பங்கை வேண்டாவென விட்டுக்கொடுத்தார். அத்தொகை செலவு முழுமைக்கும் போதவில்லை என்பதையும் இங்கே மறைக்காமற் சொல்லிவிடுகிறோம்.

1845ஆம் ஆண்டுக் காசைப் பிற காசுகளினின்று பிரித்தோம். காய்ச்சி வடித்த நீரில் பலநாள் இட்டு, நீரை மாற்றி மாற்றி, இயன்றவரை உப்பை வெளியேற்றி, நன்கு உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு தனிப்பெட்டியில் வைத்துள்ளோம். மாதம் ஒருமுறை திறந்து பார்க்கிறோம். களிம்பு இப்போது வளரவில்லை. மீண்டும் முளைக்குமாயின் அருங்காட்சியகப் பாதுகாப்புத் துறையில் பயின்றவரிடம் ஒப்படைப்போம். நாமே மீண்டும் கைவைக்க மாட்டோம்.

கருங்கோடு விழுந்த காசைப் பற்றியும் ஒரு சொல். தரம் பிரிப்போர் அதனைக் குறையென்றே கொள்வர். அவர்தம் அளவையில் அது முறையே. எமக்கோ அது அன்னையார் கட்டிய கட்டு. பால்மரத்தால் பிழைத்தவர் சேர்த்து வைத்த காசின் மேல் ரப்பர் வரைந்த கோடு. அதற்கு எண் வழங்கும் அளவை எதுவும் இல்லை; வேண்டுவதும் இல்லை. அக்காசைத் தங்கை தம் பூசையறையில் வைத்திருக்கிறார், துலக்காமல்.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் மாணவர் வீடுகளிலும் இத்தகைய டின்கள் இருக்கும். அவற்றை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கொண்டுவருமுன் துலக்க வேண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தை அன்று எவரேனும் நம்மிடம் சொல்லியிருந்தால் இவ்வுரைக்கே இடம் நேர்ந்திராது. மாணவர்களே, காசை விளிம்பால் பிடியுங்கள், எழுத்தைப் படியுங்கள், ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதி, அத்தாளைக் காசைத் தொடாதவாறு உடன் வையுங்கள். காசோடு அதன் கதையும் கைமாற அத்தாள் ஒன்றே வழி.